பேட்ச் கோப்புக்குள் இருந்து ஓடிய கட்டளை: 2018 ஈடி ஓட்டை, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஏப்ரல் தொடக்கத்தில் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. கணினிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் ஒலி எழுப்பும் பீப் என்ற குட்டி நிரலுக்கான அறிவிப்பு அது. அந்த நிரலை ரூட் என்ற முழு நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும்படி அமைத்திருந்தால், உள்ளே நுழைந்த சாதாரணப் பயனர் ஒருவர் நேரப்போட்டிப் பிழை (இரண்டு செயல்களில் எது முந்துகிறது என்பதால் வரும் பிழை) ஒன்றைப் பயன்படுத்தி அதிகாரத்தை உயர்த்திக்கொள்ளலாம். பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பெயரும் லோகோவும் வைத்துக் கொண்டாடும் வழக்கத்தைக் கிண்டல் செய்து, யாரோ இதற்கும் ஒரு தளம் போட்டார்கள். பீப்பைச் சரிசெய்ய ஒரு பேட்ச் கோப்பும், அதாவது மூலநிரலில் எந்த வரிகளை எப்படி மாற்றுவது என்று சொல்லும் கோப்பும், அங்கே வைத்திருந்தார்கள். பீப்பின் ஓட்டையைவிடப் பெரிய விஷயம் அந்தப் பேட்சுக்குள்தான் இருந்தது.

கோப்பு மிகச் சிறியது. எந்தக் கோப்பை மாற்றுவது என்று சொல்லும் தலைப்பு வரிகள் இரண்டு. அதில் தேதி 13ஆம் மாதம் 37ஆம் நாள் என்று இருந்ததே குறும்புக்கு அடையாளம். அதற்குக் கீழே இருந்தவை இவை (ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன், ஒரு வரியின் வாலில் இருந்த குறிப்பை விட்டுவிட்டேன்):

1337ஏ
1,112டி
!ஐடி>~/பௌன்.லோல்;பீப்
.

மூன்றாவது வரி, நாம் தரும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற நிரலுக்கான கட்டளை. யார் ஓட்டுகிறாரோ அவருடைய பயனர் அடையாளத்தை அவருடைய வீட்டு அடைவில் ஒரு கோப்பில் எழுதிவிட்டு, ஒரு பீப் ஒலியும் எழுப்பும். விளையாட்டுக்கு வைத்ததால் சேதம் எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எந்தக் கட்டளையை வைத்தாலும் ஓடியிருக்கும். வழக்கம்போல பேட்ச் நிரலுக்கு இந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும். தனி விருப்பத்தேர்வு எதுவும் தேவையில்லை. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் பேட்ச் 2.7.6, அதாவது அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த புத்தம்புதிய பதிப்பு, இதை அப்படியே நிறைவேற்றியது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2018-1000156 என்ற எண் அதற்குக் கிடைத்தது.

மூலநிரலில் வரிகளை மாற்றுவதுதானே பேட்ச் நிரலின் வேலை, அதற்குள் ஷெல் கட்டளை எப்படி வந்தது? அதற்கு ஈடி என்ற பழைய உரை எடிட்டர் வரை பின்னால் போக வேண்டும்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் 1969 வாக்கில் எழுதிய எடிட்டர் ஈடி. திரை இல்லாத காலம். தட்டச்சு இயந்திரம் போன்ற முனையத்தில், காகிதத்தில் அச்சாகும் வரிகளைப் பார்த்துத்தான் வேலை. அதனால் ஈடியில் எல்லாமே வரி வரியான கட்டளைகள். எந்த வரி என்று எண்ணோ தேடல் சொல்லோ கொடுத்து, பின்னால் ஓர் எழுத்து: ஏ என்றால் அந்த வரிக்குப் பிறகு சேர், ஐ என்றால் முன்னால் செருகு, சி என்றால் மாற்று, டி என்றால் அழி, டபிள்யூ என்றால் சேமி, கியூ என்றால் வெளியேறு. உரை சேர்க்கும்போது முடிந்துவிட்டது என்று சொல்ல, தனி வரியில் ஒரு புள்ளி. ஏதாவது தவறினால் ஈடி ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டும். அதற்கு மேல் பேசாது. அப்புறம், ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியை ஷெல்லுக்கு அனுப்பிவிடும். எடிட்டரை விட்டு வெளியே வராமல் வேறு வேலை பார்ப்பதற்கான வசதி அது.

இப்படிப்பட்ட எடிட்டரை ஆள் இல்லாமல் ஓட்டுவது மிக எளிது. கை தட்டச்சு செய்வதை ஒரு கோப்பில் எழுதி அதன் உள்ளீட்டில் கொடுத்தால் முடிந்தது. 1974இல் ஐந்தாம் பதிப்பு யூனிக்ஸோடு வந்த டிஃப் நிரலுக்கு டக்ளஸ் மெக்கில்ராய் இந்த வசதியையே நம்பி ஒரு வெளியீட்டு வடிவம் வைத்தார். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு, முதலாவதை இரண்டாவதாக மாற்றும் ஈடி கட்டளைகளையே டிஃப் எழுதித் தரும். மைனஸ் ஈ என்ற விருப்பத்தேர்வு இன்றும் இருக்கிறது. நான்கு வரியில் அரிசி, பருப்பு, உப்பு, புளி என்று ஒரு பட்டியல். புளியை எடுத்துவிட்டு, பருப்பைத் துவரம்பருப்பு என்று மாற்றியிருந்தால் டிஃப் தருவது:

4டி
2சி
துவரம்பருப்பு
.

கீழிருந்து மேலாகப் போவதைக் கவனியுங்கள். மேலிருந்து தொடங்கினால், ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ அடுத்த எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். கடைசியிலிருந்து வந்தால் அந்தச் சிக்கலே இல்லை. புள்ளி மட்டுமே உள்ள ஒரு வரியை உரையாகச் சேர்க்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் டிஃப்பில் விடை உண்டு. இரண்டு புள்ளியாக எழுதிச் செருகலை முடித்து, உடனே ஒரு புள்ளியை அழிக்கும் பதிலீட்டுக் கட்டளையைத் தரும். அழகான வேலை. உள்ளீட்டை எழுதுகிறவர் நல்லவர் என்ற நம்பிக்கையில் செய்த வேலையும்கூட.

1985இல் லாரி வால் பேட்ச் நிரலை வெளியிட்டார். டிஃப் தரும் பல வடிவங்களையும் அது ஏற்றுக்கொண்டது. சூழல் வரிகளோடு வரும் வடிவம் என்றால் தானே படித்துப் பொருத்தும். ஈடி வடிவம் என்றால் ஈடியைக் கூப்பிட்டு, கட்டளைகளை ஒரு பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் குழாய்) வழியே அதற்கு ஊட்டிவிடும். ஏற்கெனவே ஒரு நிரல் அந்த வேலையைச் செய்யும்போது திரும்ப எழுதுவானேன்? யூனிக்ஸ் உலகத்தின் வழக்கமான நியாயம்தான். முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்தப் பகுதி அப்படியே இருந்தது.

இதில் இன்னொரு சங்கதி. எந்த வடிவம் என்று நாம் சொல்லாவிட்டால் பேட்ச் தானே ஊகித்துக்கொள்ளும். எண்ணில் தொடங்கி ஓர் எழுத்தில் முடியும் வரியும், பிறகு எங்காவது தனிப்புள்ளி வரியும் இருந்தால், இது ஈடி வடிவம் என்று முடிவு கட்டிவிடும். ஈடி வடிவப் பேட்சை இந்தக் காலத்தில் யாரும் அனுப்புவதில்லை. ஆனாலும் அந்தக் கதவு எல்லோருடைய கணினியிலும் திறந்தே இருந்தது. என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் முதல் தவறு இதுதான். ஓட்டை பிற்பாடு வந்தது.

பேட்ச் எழுதியவர்கள் ஆச்சரியக்குறியைப் பற்றி யோசிக்காமல் விடவில்லை. ஈடிக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் பேட்ச் பார்க்கும். ஏ, சி, டி, ஐ, எஸ் (பதிலீடு) ஆகிய கட்டளைகளை மட்டும் அனுப்பும். ஆச்சரியக்குறி அந்தப் பட்டியலில் இல்லை. நேராக ஒரு ஷெல் வரியை வைத்தால் அது ஈடி வரை போகாது. சரி, அப்படியென்றால் மேலே பார்த்த நான்கு வரிகள் எப்படித் தப்பின?

முதல் வரியைப் பாருங்கள். 1337ஆம் வரிக்குப் பிறகு சேர் என்கிறது. இது அனுமதிக்கப்பட்ட கட்டளை. எனவே பேட்ச் அதை அனுப்புகிறது. அடுத்து வருவதெல்லாம் சேர்க்கவேண்டிய உரை என்று எண்ணி, தனிப்புள்ளி வரும்வரை எதையும் சோதிக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உரையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் அல்லவா, சோதிக்க என்ன இருக்கிறது? பேட்சின் பார்வையில் இரண்டாவது, மூன்றாவது வரிகள் வெறும் எழுத்துகள்.

பைப்பின் மறுமுனையில் ஈடி அதே வரிகளைப் படிக்கிறது. கையிலிருக்கும் கோப்பில் அத்தனை வரிகள் இல்லை. 1337 என்ற முகவரியே செல்லாது. ஒரு கேள்விக்குறியைக் காட்டிவிட்டு, உரை சேர்க்கும் நிலைக்குப் போகாமல், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கிறது. வரும் அடுத்த வரி 1 முதல் 112 வரை அழி என்ற கட்டளை. அதற்கடுத்து ஆச்சரியக்குறி. ஈடிக்கு அதுவும் ஒரு கட்டளைதான். ஷெல்லுக்குப் போகிறது. கடைசிப் புள்ளி, நிற்கும் வரியைக் காட்டு என்ற கட்டளையாகிவிடுகிறது. பேட்ச் தன் பங்குக்கு முடிவில் டபிள்யூ, கியூ என்ற இரண்டையும் சேர்த்து அனுப்பி வேலையை முடிக்கிறது.

ஒரே வரி ஒருவருக்கு உரை, இன்னொருவருக்குக் கட்டளை. பேட்சின் சோதனையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஈடி என்ன நிலையில் இருக்கிறது என்று பேட்ச் மனக்கணக்குப் போட்டது, அந்தக் கணக்கு ஒரு வரியில் பிசகியது. ஈடி காட்டிய கேள்விக்குறியைப் படிக்க அங்கே ஆளும் இல்லை.

இங்கேதான் பைப்புக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. கட்டளைகளில் ஒன்று தவறினால் ஈடி என்ன செய்ய வேண்டும் என்பதை யூனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை சொல்கிறது. உள்ளீடு முனையத்திலிருந்து வந்தால், தட்டச்சு செய்தது தவறு என்று சொல்லி அடுத்த கட்டளையைக் கேட்க வேண்டும். உள்ளீடு சாதாரணக் கோப்பு என்றால், அந்த இடத்திலேயே நிறுத்தி, பூஜ்யமல்லாத வெளியேறு நிலையோடு முடிய வேண்டும். பைப் இந்த இரண்டிலும் சேராது. குனு ஈடி சாதாரணக் கோப்பா என்று மட்டும் பார்க்கிறது. பைப் என்றால் முனையத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலவே பிழையைக் கடந்து அடுத்த வரிக்குப் போய்விடும்.

குனு பேட்சைப் பராமரித்தவர்கள் 2018 ஏப்ரலில் செய்த திருத்தத்தின் மையம் இதுதான். புதிய வடிகட்டி எதையும் அவர்கள் எழுதவில்லை. கட்டளைகளைப் பைப்பில் ஊட்டுவதை விட்டுவிட்டு, முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பை ஈடியின் உள்ளீடாகக் கொடுத்தார்கள். இப்போது 1337ஏ என்ற முதல் வரியிலேயே ஈடி நின்றுவிடும். மூன்றாவது வரி படிக்கப்படவே மாட்டாது. நான் பார்த்த பாதுகாப்புத் திருத்தங்களில் இது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் மாற்றினார்கள். ஈடியைக் கூப்பிடும் கட்டளையை ஒரு சரமாகக் கோத்து ஷெல்லிடம் கொடுத்து ஓட்டுவதுதான் பழைய வழக்கம். அந்தச் சரத்தில் கோப்பின் பெயரும் இருக்கும். கோப்பின் பெயர் பேட்சுக்குள் இருந்தே வரக்கூடியது. பெயரிலேயே ஷெல் குறிகளை ஒளித்து வைத்தால் ஷெல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். கணினியில் ஈடி நிறுவப்பட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஈடி இல்லாத இயந்திரம் பாதுகாப்பானது என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்கும். திருத்தம், ஷெல்லை இடையில் விடாமல் ஈடியை நேரடியாக ஓட்டியது. திருத்தம் 2018லேயே சேர்ந்துவிட்டாலும், இந்த ஓட்டைக்குத் தனி எண் 2019இல்தான் கிடைத்தது: சிவிஇ-2019-13638. இந்தத் திருத்தங்களோடு குனு பேட்சின் அடுத்த பதிப்பான 2.8 வெளிவந்ததோ 2025இல். இடைப்பட்ட ஆண்டுகளில் லினக்ஸ் விநியோகங்கள் தாங்களாகவே திருத்தங்களை 2.7.6இல் சேர்த்து ஓட்டின. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

இந்த நிகழ்வில் உறுத்துவது ஒன்று உண்டு. இதே ஓட்டை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வெளியே தெரிந்திருந்தது. யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளமான ஓபன்பிஎஸ்டி 2015 ஜூலை இறுதியில் தன் பேட்சுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. ஈடி வடிவக் கோப்புகளைப் படிக்கும்போது பேட்சின் கணக்கு ஈடியோடு ஒத்துப்போகாமல் விலகிவிடலாம் என்று அதில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அதே பிஎஸ்டி குடும்பத்து ஃப்ரீபிஎஸ்டி ஆகஸ்டு முதல் வாரத்தில் தன் அறிவிப்பை வெளியிட்டது, அதன் எண் சிவிஇ-2015-1418. பிஎஸ்டி பேட்சும் குனு பேட்சும் லாரி வாலின் அதே மூலத்திலிருந்து பிரிந்தவை. பிறகு தனித்தனியாக வளர்ந்துவிட்டன. ஒரு கிளையில் கண்டுபிடித்தது மற்றக் கிளைக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டு சேர்க்க ஒரு கேலித் தளம் தேவைப்பட்டிருக்கிறது.

ஓபன்பிஎஸ்டி அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் ஈடியைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, தேவையான சில கட்டளைகளைப் பேட்சுக்குள்ளேயே எழுதிக்கொண்டார்கள். சேர், செருகு, மாற்று, அழி, ஒரு பதிலீடு. எழுத வேண்டியது அவ்வளவுதான். முழு எடிட்டரைக் கூப்பிட்டுப் பிறகு அதன் கையைக் கட்ட வழி தேடுவதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது. குனு ஈடியில் ரெட் என்ற கட்டுப்படுத்தப்பட்ட வடிவம் உண்டு. அது ஷெல் கட்டளைகளை மறுக்கும், நடப்பு அடைவுக்கு வெளியே உள்ள கோப்புகளைத் தொடாது. ஷெல் ஓட்டையை அது அடைத்திருக்கும். ஆனால் கணக்கு பிசகி 112 வரிகள் அழிவதை அது தடுக்காது.

பேட்ச் கதை முடிந்தது. ஆனால் ஈடியை ஸ்கிரிப்டில் ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நியாயமான காரணங்களோடு. உரையை வரி வரியாக மாற்றித் தரும் செட் நிரலில், கோப்பை அதன் இடத்திலேயே மாற்றும் விருப்பத்தேர்வு போசிக்ஸில் இல்லை. குனுவில் ஒரு மாதிரி, பிஎஸ்டியில் ஒரு மாதிரி. தவிர அது புதுக் கோப்பை எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. அதனால் வன்தொடுப்புகள் (ஒரே கோப்புக்கு உள்ள வேறு பெயர்கள்) அறுந்துபோகும். ஈடி அதே கோப்பின் மேலேயே எழுதும். வரிகளில் முன்னும் பின்னும் போய் வேலை செய்யவும் ஈடிதான் வசதி. எக்ஸ், விம், ஈமேக்ஸ் என்ற மற்ற எடிட்டர்களையும்கூடத் திரையில்லாமல் ஓட்டலாம். விம்மில் சில வரிகளைக் கோப்பிலேயே அமைப்புகளாக எழுதி வைக்கும் மோட்லைன் வசதி மூலம், கோப்பைத் திறந்தாலே கட்டளை ஓடும் ஓட்டை 2019இல் வந்தது. அது தனிக் கதை.

ஈடி ஸ்கிரிப்டில் எல்லோரும் எழுதும் வழக்கமான வடிவம், பிரிண்ட்எஃப் மூலம் கட்டளைகளை அச்சிட்டுப் பைப்பில் ஈடிக்கு அனுப்புவது. அதாவது பேட்ச் செய்த அதே வேலை. ஓர் உதாரணம். ஸ்வாப் பகிர்வை நிறுத்த, எந்த வட்டுப் பகிர்வுகளை ஏற்றுவது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஸ்வாப் வரியை அழிக்கும் ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்வோம்:

/ஸ்வாப்/
டி
டபிள்யூ
கியூ

ஸ்வாப் வரி இருக்கும் இயந்திரத்தில் இது சரியாக ஓடும். இல்லாத இயந்திரத்தில் முதல் வரி தோற்கும், ஒரு கேள்விக்குறி. பைப் என்பதால் ஈடி நிற்காது. அடுத்து டி. ஈடி ஒரு கோப்பைத் திறந்ததும் நிற்கும் இடம் கடைசி வரி. எனவே எஃப்எஸ்டேப்பின் கடைசி வரி அழியும், சேமிக்கவும் படும். அது தரவு வட்டை ஏற்றும் வரியாக இருந்தால், அடுத்த மறுதொடக்கம் வரை யாருக்கும் தெரியாது. தேடலையும் டியையும் ஒரே வரியில் சேர்த்து எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தோற்கும், வேறு வரி அழியாது. ஸ்கிரிப்டின் முதல் வரியாக பெரிய ஹெச் கட்டளையைப் போட்டால் கேள்விக்குறியோடு என்ன பிழை என்ற விளக்கமும் வரும். பதிவேட்டைப் பிறகு படிக்கிறவருக்கு அது பெரிய உதவி.

ஷெல்லின் ஹியர்-டாக்குமென்ட் (உள்ளீட்டு உரையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதும் முறை) மூலம் கட்டளைகளைக் கொடுப்பவர்களுக்கு இன்னொரு நுணுக்கம். பேஷ் ஷெல் முன்பெல்லாம் அதை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி உள்ளீடாகக் கொடுத்தது. ஈடியின் பார்வையில் அது சாதாரணக் கோப்பு, பிழை வந்தால் நிற்கும். 2020 டிசம்பரில் வந்த பேஷ் 5.1 முதல், பைப்பின் கொள்ளளவுக்குள் அடங்கும் சிறிய உரையைப் பைப் வழியாகவே அனுப்புகிறது. டாஷ் ஷெல் வெகுகாலம் பைப்பையே பயன்படுத்தியது. ஒரு வரிகூட மாறாத பழைய ஸ்கிரிப்ட், இயக்குதளத்தை மேம்படுத்தியதும், பிழையில் நிற்பதை விட்டுப் பிழையைத் தாண்டி ஓடத் தொடங்கும். ஸ்கிரிப்டைத் தொடாமல் அதன் பிழை கையாளும் முறையை ஷெல் மாற்றிவிட்டது. கட்டளைகளைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பையே உள்ளீடாகத் திருப்பிவிட்டு, வெளியேறு நிலையைச் சோதிப்பதுதான் இப்போதைக்கு நம்பகமான வழி.

குனு ஈடி இருக்கும் எந்த இயந்திரத்திலும் இதைச் சோதிக்கலாம். மூன்று வரியுள்ள ஒரு கோப்பை உருவாக்குங்கள். 99டி, 1டி, டபிள்யூ, கியூ என்ற நான்கு கட்டளைகளை இன்னொரு கோப்பில் எழுதுங்கள். கேட் மூலம் பைப்பில் அனுப்பினால் முதல் வரி போய்விடும். முதல் கோப்பை மறுபடி மூன்று வரியாக்கி, < குறியால் கட்டளைக் கோப்பையே ஈடிக்குத் திருப்பிவிட்டால் மூன்று வரியும் அப்படியே இருக்கும், வெளியேறு நிலை பூஜ்யமாக இருக்காது. பிறகு அதே நான்கையும் ஹியர்-டாக்குமென்டில் வைத்து ஓட்டுங்கள். உங்கள் ஷெல் எந்தப் பக்கம் என்று அந்தக் கோப்பில் மிஞ்சிய வரிகள் சொல்லிவிடும்.